கொக்கி, துறட்டி, தூண்டில் முள்: வளைந்த இரும்புகளும் அவற்றின் பெயர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளைந்த கம்பி எல்லாம் கொக்கிதானே? எதற்கு இத்தனை பெயர்?

இரும்புக் கடையில் கேட்டால் எல்லாமே கொக்கிதான். பயன்படுத்துகிறவரிடம் கேட்டால் கதை வேறு. தமிழில் இந்தப் பொருள்களுக்குப் பெயர் வந்தது பெரும்பாலும் உருவத்தால் அல்ல, வேலையால். மாட்டித் தொங்கவிட்டால் கொக்கி. கிளையை வளைத்து இழுத்தால் துறட்டி. மீனின் வாயில் ஏறிப் பிடித்தால் தூண்டில் முள். யானையை நடத்தினால் அங்குசம். துணியின் இரு ஓரங்களைச் சேர்த்தால் ஊக்கு. கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுத்தால் பாதாளக் கரண்டி. எல்லாவற்றையும் 'ஹூக்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பழைய பெயர்களில் முக்கால்வாசி இன்னும் ஏதாவது ஓர் ஊரில், ஏதாவது ஒரு தொழிலில் உயிரோடுதான் இருக்கின்றன. புதிதாகச் சொல்லாக்கம் செய்ய உட்காருவதற்கு முன் அந்தத் தொழில்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கொக்கி என்ற சொல் கொக்கிலிருந்து வந்ததா?

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. கொக்கின் அலகைப் போல வளைந்திருப்பதால் கொக்கி என்பார்கள். கொக்கை ஒருமுறை சரியாகப் பாருங்கள்: அதன் அலகு ஈட்டி மாதிரி நேராக இருக்கும், வளைவது கழுத்துதான். ஆகவே இந்த விளக்கத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: கன்னடத்தில் கொக்கெ, தெலுங்கில் கொக்கெமு என்று இதே பொருளில் சொற்கள் இருக்கின்றன. எனவே இது கடன் வாங்கிய சொல் அல்ல. நம் மொழிக் குடும்பத்தின் பொதுச்சொத்து.

இலங்கைத் தமிழர்கள் 'கொழுக்கி' என்கிறார்களே, அது வேறா?

பொருள் அதுவேதான். யாழ்ப்பாணத்தில் சட்டையை மாட்டுவதில்லை, கொழுவுவார்கள். கொழுவுவதற்கு உதவுவது கொழுக்கி. மலையாளத்தின் கொளுத்து இதற்கு நெருங்கிய உறவு. சிலர் ளகரம் போட்டுக் கொளுக்கி என்றும் எழுதுவார்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் கொக்கிப்புழு என்று சொல்லும் குடற்புழு, இலங்கைப் பாடப்புத்தகத்தில் கொழுக்கிப்புழு.

அங்கே கொக்கி என்ற வேரும் இல்லாமல் போகவில்லை. மாங்காய் பறிக்கவும் ஆட்டுக்குக் குழை வெட்டவும் வைத்திருக்கும் நீண்ட தடிக்குப் பெயர் கொக்கத்தடி. அதன் நுனியில் கட்டப்படும் வளைந்த கத்தி கொக்கச்சத்தகம்.

துறட்டி, தொரட்டி: எது சரி?

எழுத்தில் துறட்டி, பேச்சில் தொரட்டி. துறடு, துறட்டுக்கோல் என்ற வடிவங்களும் உண்டு. நீண்ட மூங்கில் கழியின் நுனியில் சிறு அரிவாளையோ கொக்கியையோ சாய்வாகக் கட்டினால் துறட்டி ஆயிற்று.

துறட்டியில் இரண்டு வகை உண்டு. வாங்கப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஒன்றில் வளைவின் உட்புறம் தீட்டப்பட்டுக் கூராக இருக்கும். கொப்பில் மாட்டி வெடுக்கென்று இழுத்தால் கொப்பு அறுந்து விழும். ஆடு மேய்ப்பவர்கள் தோளில் சுமந்து போவது இதைத்தான். கோடையில் தரையில் புல் கருகிய பிறகு, மரத்தில் இருக்கிற தழைதான் ஆட்டுக்குத் தீவனம். தழையைத் தரைக்குக் கொண்டுவர துறட்டி வேண்டும். இன்னொரு வகையில் கூர் கிடையாது, வெறும் வளைவு மட்டும். கிளையைப் பிடித்து உலுக்க அது போதும். வேலமரத்தில் காய்ந்து தொங்கும் நெற்றுகளை உலுக்கி ஆடுகளுக்குப் போட இதுவே நல்லது. கூரானதைக் கொண்டு உலுக்கினால் அடுத்த வருஷம் காய்க்க வேண்டிய கிளையும் சேர்ந்து விழும்.

முருங்கைக்காய் பறிக்க எது? கூர் இல்லாததே. காம்பில் மாட்டி ஒரு திருகு திருகினால் காய் கையோடு வந்துவிடும். முருங்கைக் கிளை எவ்வளவு எளிதில் முறியும் என்பது வீட்டில் மரம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

துறட்டி விஷயத்தில் ஏதாவது எச்சரிக்கை உண்டா?

உண்டு. இப்போது எடை குறைவு, நீட்டி மடக்கலாம் என்று அலுமினியக் கழிகள் விற்கிறார்கள். மின்கம்பி போகும் மரத்தடியில் அதைத் தூக்கவே தூக்காதீர்கள். கம்பியைத் தொட்டால் தூக்கியவர் பிழைப்பது அரிது. மூங்கில் நல்லதுதான், ஆனால் மழையில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பிக்கு அருகே இருக்கும் தேங்காயை மின்வாரிய ஆட்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகு பறித்துக்கொள்ளலாம்.

துறட்டி என்றொரு செடியும் உண்டாமே?

உண்டு. வளைந்த முட்கள் கொண்ட புதர்ச்செடி அது. ஆடையில் பிடித்தால் முன்னேறவும் விடாது, பின்வாங்கவும் விடாது. ஆதண்டையும் இண்டும் இதே குணம் உடையவைதான். இலந்தையில் கணுவுக்கு இரண்டு முள் இருக்கும். ஒன்று நேராகக் குத்தும், மற்றது வளைந்து பிடிக்கும். பழம் பறிக்கப் போன பிள்ளைகளின் கையில் இருக்கும் கீறல்களைப் பார்த்தாலே எந்த முள் எதைச் செய்தது என்று சொல்லிவிடலாம்.

அங்குசத்துக்குத் தமிழ்ப் பெயர் இல்லையா?

தோட்டி என்பது பழைய தமிழ்ப் பெயர். 'உரனென்னும் தோட்டியான் ஓரைந்தும் காப்பான்' என்ற குறளில் ஐம்புலன்களை யானைகளாக்கி, அறிவை அவற்றை அடக்கும் அங்குசமாக்கியிருக்கிறார் வள்ளுவர். பிற்காலத்தில் இதே ஒலியில் ஓர் ஊழியரைக் குறிக்கும் சொல் இழிவுப் பொருளோடு வழங்கத் தொடங்கியதால், பலர் இந்தச் சொல்லைத் தொடவே தயங்குகிறார்கள். மலையாளத்தில் அந்தத் தயக்கம் இல்லை. யானைக்கும் தோட்டிதான், மாங்காய் பறிக்கும் கொக்கிக்கழியும் தோட்டிதான். குமரி மாவட்டத்துப் பேச்சிலும் இந்தப் பறிக்கும் தோட்டியைக் கேட்கலாம்.

கருவியைக் கவனித்தால், அதில் இரண்டு முனைகள் இருக்கும். நேர்முனை குத்தி முன்னே செலுத்த, பக்கவாட்டு வளைவு பிடித்துப் பின்னே இழுக்க. பிள்ளையார் கையில் பாசக் கயிற்றுக்கு இணையாக இருப்பதும் இதே கருவிதான்.

தூண்டில் என்பது கொக்கியா, கம்பா?

முழுத் தொகுதிக்கும் தூண்டில் என்று பெயர்: கோல், நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள் எல்லாம் சேர்த்து. கொக்கியை மட்டும் சொல்ல வேண்டுமானால் தூண்டில் முள். கடற்கரையில் 'முள்' என்று மட்டுமே சொல்வார்கள்; மீன்முள்ளையும் தூண்டில் முள்ளையும் அங்கே யாரும் குழப்பிக்கொள்வதில்லை. நைலான் நரம்புக்குத் தங்கூசி என்றொரு பெயரும் உண்டு. வள்ளுவர் இதே முள்ளைத் 'தூண்டிற்பொன்' என்கிறார். சூதில் வென்றது, தூண்டில் இரும்பை இரையென்று மீன் விழுங்கியதற்குச் சமம் என்பது அந்தக் குறளின் கருத்து. பொன் என்றால் அங்கே தங்கம் அல்ல, இரும்பு.

முள்ளின் பகுதிகள் ஐந்து. நரம்பு கோக்கும் துளை காது. அதிலிருந்து இறங்குவது தண்டு. பிறகு வளைவு. அதன் முடிவில் கூர்முனை. கூர்முனைக்குச் சற்றுக் கீழே பின்பக்கம் நோக்கிச் சீவிவிட்ட சிறு செதில் எதிர்முள். நுழையும்போது தடை செய்யாமல், வெளியே வரும்போது மட்டும் தடுப்பது அதன் வேலை. மீன் திரும்பி ஓடிவந்து நரம்பு தளர்ந்தாலும் முள் கழன்றுவிடாது. சில முட்களில் காது இருக்காது. தண்டின் தலை தட்டையாக நசுக்கப்பட்டிருக்கும். தண்டைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும் என்பதால் புதிதாகப் பழகுகிறவர்கள் இதை வாங்கிச் சிரமப்பட வேண்டாம்.

முள்ளின் எண் ஏன் தலைகீழாக இருக்கிறது?

தலைகீழ் மட்டுமல்ல, நடுவில் திசையும் மாறும். 1, 2, 4, 6, 8, 10 என்று எண் கூடக் கூட முள் சிறிதாகும். பத்தாம் எண் முள் சின்னக் கெண்டைக்கு. ஆனால் ஒன்றைவிடப் பெரிய முட்களுக்கு எண்ணோடு ஒரு பூஜ்யம் சேரும்: 1/0, 2/0, 3/0 என்று. இதில் எண் கூடக் கூட முள்ளும் பெரிதாகும். எனவே கடையில் வெறுமனே 'நாலாம் நம்பர்' என்று கேட்டால் விரல் நகம் அளவு முள்ளும் கிடைக்கலாம், சுறா பிடிக்கிற முள்ளும் கிடைக்கலாம். எந்த மீனுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். ஒரு நிறுவனத்தின் எண்ணும் மற்றொரு நிறுவனத்தின் எண்ணும் துல்லியமாகப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். உலகமெங்கும் மீனவர்கள் அறிந்த பெயர் நார்வேயின் முஸ்டாட். 1832-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 1877 முதல் இயந்திரத்தில் முள் செய்கிறது.

முனை உள்பக்கம் திரும்பிய வட்ட முள் எப்படி மீனைப் பிடிக்கும்?

பார்த்தால் பிடிக்காது என்றுதான் தோன்றும். சாதாரண முள்ளின் முனை தண்டுக்கு இணையாக மேல்நோக்கி நிற்கும். வட்ட முள்ளில் அது தண்டை நோக்கி உள்ளே திரும்பியிருக்கும். மீன் இரையை விழுங்கிவிட்டு நகரும்போது நரம்பு இறுகும். தொண்டையில் எதிலும் குத்தாமல் வழுக்கி வரும் முள், வாயோரத்துக்கு வந்ததும் திரும்பித் தாடையின் மூலையில் மாட்டிக்கொள்ளும். இதில் பழைய பழக்கம் ஒன்றை விட வேண்டியிருக்கிறது. கடித்தது தெரிந்தவுடன் கோலைச் சுண்டக் கூடாது. சுண்டினால் இரையும் போச்சு, மீனும் போச்சு. அப்படியே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

ஆழ்கடலில் நீண்ட கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்களைக் கட்டிவிடும் மீன்பிடிப்பில் வட்ட முள்ளை வலியுறுத்தக் காரணம் கடலாமைகள். தவறி மாட்டிக்கொள்ளும் ஆமை முள்ளை வயிறு வரை விழுங்கிவிடுவது இதில் குறைகிறது. வாயோரத்தில் மாட்டிய முள்ளை எடுத்துவிட்டு ஆமையைத் திரும்பக் கடலில் விடலாம்.

கணவாய் பிடிக்கும் முள் மட்டும் ஏன் பூ மாதிரி இருக்கிறது?

கணவாய்க்கு மீனைப் போன்ற வாய் இல்லை. இரையைக் கைகளால் அணைத்துப் பிடிக்கும். எனவே ஒரு தண்டைச் சுற்றி மேல்நோக்கி வளைந்த கம்பிகளை வட்டமாக வைத்திருப்பார்கள். எதிர்முள் கிடையாது. மேலே இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் கழன்றுவிடும்.

உலகிலேயே பழைய தூண்டில் முள் எது?

இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவையாகக் கருதப்படுபவை ஜப்பானின் ஒக்கினாவா தீவில், சக்கிதாரி குகையில் கிடைத்தவை. சுமார் 23,000 ஆண்டுகள் பழமையானவை. இரும்பும் இல்லை, செம்பும் இல்லை. கடல் நத்தையின் ஓட்டைத் தேய்த்துச் செய்தவை. எதிர்முள் கிடையாது. நம் பக்கத்தில் மொகஞ்சதாரோவில் செம்பில் செய்த முட்கள் எதிர்முள்ளோடு கிடைத்திருக்கின்றன.

தூண்டில் முள் விரலில் ஏறிவிட்டால் எப்படி எடுப்பது?

வந்த வழியே இழுக்காதீர்கள். எதிர்முள் சதையைக் கிழிக்கும். கண், முகம், கழுத்து, மூட்டு ஆகியவற்றின் அருகே ஏறியிருந்தாலோ, ஆழமாகப் போயிருந்தாலோ தொடாமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கண்ணருகே என்றால் அதில் யோசிக்கவே எதுவும் இல்லை.

விரல் நுனியில் மேலோட்டமாக ஏறியிருந்தால் மீனவர்கள் இரண்டு வழி சொல்வார்கள். முனை ஏறக்குறைய மறுபுறம் எட்டிப்பார்க்கிறது என்றால், அதை இன்னும் முன்னே தள்ளி வெளியே கொண்டுவந்து, எதிர்முள் உள்ள நுனியைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு, மிச்சத்தை வந்த வழியே இழுப்பது ஒன்று. வளைவில் ஓர் உறுதியான நூலைச் சுற்றி, காதுப்பக்கத் தண்டைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, தோலுக்கு இணையாக நூலைச் சட்டென்று இழுப்பது மற்றொன்று. அழுத்துவதால் எதிர்முள் சதையிலிருந்து விடுபடுகிறது. தயங்கித் தயங்கி இழுத்தால் இது பலிக்காது; முள் பறந்து வரும் திசையில் யாரும் நிற்கவும் கூடாது. எந்த வழியில் எடுத்தாலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பாதாளக் கரண்டியைப் பார்த்ததே இல்லை. எப்படி இருக்கும்?

கரண்டி என்ற பெயரை வைத்துக் கற்பனை செய்தால் தவறாகத்தான் வரும். ஓர் இரும்பு வளையம், அதிலிருந்து நாலாபுறமும் தொங்கும் கொக்கிகள், சிலவற்றில் அந்தக் கொக்கிகளுக்குள்ளும் சின்னச் சின்னக் கொக்கிகள். பாதாளக் கொலுசு என்று சொல்லும் ஊர்களும் உண்டு. இரும்புக் கொக்கிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே படும். கிணற்றில் வாளி விழுந்துவிட்டால், இதைக் கயிற்றில் கட்டி இறக்கித் தரையைத் தொட்டதும் மெல்லச் சுற்றிச் சுற்றித் துழாவுவார்கள். எந்தப் பக்கம் உரசினாலும் ஒரு கொக்கி வாளியின் பிடியையோ அறுந்த கயிற்றையோ பற்றிக்கொள்ளும். கனம் தெரிந்ததும் அவசரப்படாமல் மேலே இழுக்க வேண்டும். பாதி வழியில் நழுவினால் மறுபடி முதலிலிருந்து.

இது தெருவில் ஏதாவது ஒரு வீட்டில்தான் இருக்கும். இரவல் கேட்டால் சும்மா தர மாட்டார்கள். ஒரு செம்பையோ தம்ளரையோ ஈடாக வைத்துவிட்டு எடுத்துப் போக வேண்டும் என்ற வழக்கம் பல ஊர்களில் இருந்தது. கணக்கு எளிது: திருப்பித் தர மறந்துவிட்டால் அடுத்த வாளி விழும்போது தெருவே திண்டாடும். குழாய் வந்த பிறகு கிணற்றை மூடினார்கள், பாதாளக் கரண்டி பரண் ஏறியது.

ஊக்கு என்றால் கொக்கியா, சேஃப்டி பின்னா?

தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு ஊக்கு என்பது சேஃப்டி பின்தான். பின்னூசி என்றும் சொல்வார்கள். ஆங்கில ஹூக் நம் வாயில் ஹகரத்தை இழந்து ஊக்கு ஆனது என்பது வழக்கமான விளக்கம். ஆனால் வந்து சேர்ந்த இடத்தில் சொல் வேறொரு பொருளின் மேல் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பொருளுக்கு 1849-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் வால்டர் ஹண்ட். உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். தையற்கடையிலோ ஊக்கு என்றால் ரவிக்கையின் கொக்கி. 'ஊக்கு அறுந்துவிட்டது' என்று ரவிக்கையோடு போனால் குழப்பம் வராது. தொலைபேசியில் சொன்னால் வரலாம்.

ஆரி என்ற பூத்தையலுக்குப் பயன்படும் ஊசியும் குரோஷா ஊசியும் ஒன்றுதானா?

இரண்டின் நுனியிலும் கொக்கி இருக்கிறது, இரண்டும் நூலை வளையமாக இழுக்கின்றன. அதோடு ஒற்றுமை முடிந்தது. குரோஷா ஊசிக்கு முனை மழுங்கலாக இருக்கும், துணி தேவையில்லை, நூலிலேயே துணி உண்டாகும். பிரெஞ்சு மொழியில் குரோஷே என்றாலே சின்னக் கொக்கி என்று பொருள். ஆந்திரத்தின் நரசாபுரம் இந்த லேஸுக்குப் பேர்போன ஊர். ஆரி ஊசி கூர்மையானது. சட்டத்தில் இறுக்கிய துணியை மேலிருந்து குத்தி, அடியில் இருக்கும் நூலைக் கொக்கியால் பிடித்து மேலே இழுக்கும். குஜராத்தில் தோல் தைத்தவர்கள் கையில் பிறந்த இந்தக் கலை இப்போது தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு கல்யாண ரவிக்கையாகப் பெருகியிருக்கிறது. ஆரி கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் அழுவது கொக்கி துணியில் மாட்டி நூல் இழுபடும்போதுதான். கொக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை ஊசிப்பிடியின் திருகாணி காட்டும். குத்தும்போதும் வெளியே எடுக்கும்போதும் அந்தத் திசையைக் கவனித்துத் திருப்பினால் மாட்டாது.

காஞ்சிபுரத்தில் '240 ஹூக் பெட்டி' என்கிறார்கள். அது என்ன?

சேலையில் பூ நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டியின் அளவு. தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டிக்குள் நெட்டுக்குத்தாக 240 கொக்கிகள் நிற்கும். ஒவ்வொரு கொக்கியும் கீழே தனக்கென்று உள்ள பாவு இழைகளோடு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளோடு, கயிற்றால் இணைக்கப்பட்டிருக்கும். கொக்கி மேலே போனால் அந்த இழைகளும் மேலே போகும். குறுக்கே போகும் ஊடை நூல் அடியில் ஓடும். எந்தக் கொக்கி போக வேண்டும், எது போகக் கூடாது என்பதைச் சொல்வது துளையிட்ட அட்டை.

அதன் சூட்சுமம் இதுதான். ஒவ்வொரு கொக்கியையும் ஒரு படுக்கை ஊசி பிடித்திருக்கிறது. அட்டை வந்து அந்த ஊசிகளின் முனையில் அழுத்துகிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி துளைக்குள் போய்விடும். கொக்கி அசையாமல் நின்று, மேலே ஏறும் தகட்டில் மாட்டிக்கொண்டு உயரும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும்; ஊசி கொக்கியைச் சாய்க்கும்; தகடு அதைத் தொடாமல் தாண்டிப்போகும். அட்டை ஒன்றுக்கு ஊடை ஒன்று. மயிலோ மாங்காயோ யானையோ, முழுதாக நெய்து முடிக்க அத்தனை அட்டைகள் வரிசையாகக் கோத்து ஓட வேண்டும். 1804 வாக்கில் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய அமைப்பு இது. கொக்கி அதிகமானால் தனித்தனியாக ஆட்டுவிக்கக்கூடிய இழைகள் அதிகம். பூ பெரிதாகலாம், நுணுக்கமும் கூடலாம். மின்னணுப் பெட்டி வந்த பிறகு அட்டை போய்விட்டது. கொக்கி போகவில்லை.

திருப்பூர்ப் பின்னலாடை இயந்திரத்தின் ஊசியும் கொக்கி ஊசிதான். அதன் வாயை மூடித்திறக்க ஒரு சின்ன நாக்கு உண்டு. நாக்கு உடைந்த ஊசி ஒன்று இருந்தாலும் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும்.

செடில் என்பது என்ன?

நேர்த்திக்கடனுக்காக முதுகுத் தோலில் கொக்கி மாட்டி உயரத்தில் தொங்கிச் சுற்றும் வழக்கம், அதற்கான மரம், இரண்டுக்கும் செடில் என்றே பெயர். செடல் என்றும் சொல்வார்கள். விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்து மாரியம்மன் கோவில்களில் செடல் உற்சவம் இன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு இதை ஒடுக்க முனைந்தது. யாழ்ப்பாணத்தில் செடில் என்பது கொக்கிக்கே பெயராகிவிட்டது. முதுகில் செடில் குத்திக் கயிற்றைப் பின்னால் ஒருவர் பிடித்திழுக்க ஆடிவருவது செடில் காவடி. மலேசியாவின் பத்துமலைத் தைப்பூசத்தில் முதுகுக் கொக்கிகளில் எலுமிச்சம்பழம் தொங்கும். குமரி மாவட்டத்துக் கொல்லங்கோடு பத்திரகாளி கோவிலில் தூக்கம் என்ற நேர்ச்சையை நிறைவேற்றும் தூக்கக்காரர்கள் இன்று துணிக் கச்சையில் தொங்கியபடி குழந்தைகளை ஏந்திச் சுற்றிவருகிறார்கள்.

உர மூட்டையில் கொக்கிப் படம் போட்டு அடித்திருப்பது எதற்கு?

மூட்டையைக் கொக்கி போட்டுத் தூக்காதே என்று சொல்ல. சுமை தூக்குபவர்கள் மரப்பிடி போட்ட கைக்கொக்கியைச் சாக்கில் குத்தி இழுப்பார்கள். சணல் சாக்கில் அது பெரிய பாதகம் அல்ல. இழை விலகி இடம் கொடுக்கும், தேய்த்துவிட்டால் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் இழைச் சாக்கு அப்படி அல்ல, ஓட்டை ஓட்டைதான். ஈரம் உள்ளே போனால் யூரியா கட்டியாகிவிடும். அந்தப் படம் உலகம் முழுவதும் ஒன்றே; எழுத்துத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகவே அது படமாக இருக்கிறது.

வீடு கட்டும்போது 'ரிங் கொக்கி சரியாக மடக்குங்கள்' என்று பொறியாளர் சொன்னார். அவ்வளவு முக்கியமா?

முக்கியம். தூணின் நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் இரு நுனிகளும் 135 பாகை மடங்கித் தூணின் உட்புறம் நோக்கி இருக்க வேண்டும். நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரக்குறியீடு ஐஎஸ் 13920 இதையே கேட்கிறது. வேலை எளிது என்று பலர் 90 பாகையில் நிறுத்திவிடுவார்கள். பார்வைக்கு ரிங் ரிங்காகத்தான் இருக்கும். நிலம் குலுங்கி வெளிப்பூச்சுக் காங்கிரீட் உதிர்ந்ததும் 90 பாகைக் கொக்கி பிரிந்துவிடும், உள்ளே இருக்கும் கம்பிகள் வெளியே பிதுங்கும். காங்கிரீட் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு யாராலும் பார்க்க முடியாது.

'தூண்டில் வளைவு' என்று செய்தியில் வருகிறதே, அது மீன்பிடிக் கருவியா?

இல்லை. கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கருங்கற்களைக் கொட்டி, நுனியை வளைத்து அமைக்கும் தடுப்பு. மேலிருந்து பார்த்தால் தூண்டில் முள்ளின் வடிவம். எங்கள் ஊருக்குத் தூண்டில் வளைவு வேண்டும் என்று மீனவ ஊர்கள் போராடுவதும், பக்கத்து ஊர் எதிர்ப்பதும் இதனால்தான்: ஒரு பக்கத்தில் மணலைப் பிடித்து வைத்தால் மறுபக்கத்துக்குப் போக வேண்டிய மணல் போவதில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் மணல் மொத்தத்தில் வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டிய பின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் இதே கணக்கில்தான். கேட்ட ஊருக்கு வளைவு கிடைத்தால் அதன் வடக்கே இருக்கும் ஊர் அடுத்த மனுவை எழுதத் தொடங்குகிறது.

'கொக்கி போடுகிறார்' என்றால் என்ன அர்த்தம்?

ஆளைப் பொறுத்தது. ஒருவர் பேச்சில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலே போகவிடாமல் மடக்கினால் கொக்கி போடுவது. ஆசை காட்டி இழுத்தால் அது தூண்டில் போடுவது. இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. தெருவில் மின்கம்பியில் வளைத்த கம்பியை மாட்டி மின்சாரம் திருடுவதும் கொக்கி போடுவதுதான். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் அதற்கு மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ உண்டு.

கொக்கிப்புழுவுக்கு உண்மையிலேயே கொக்கி இருக்கிறதா?

முன்பகுதி கொக்கி போல வளைந்திருக்கும். ஒரு வகையின் வாயில் வளைந்த பற்களும் உண்டு. அவற்றால் குடல் சுவரைப் பிடித்துக்கொண்டு இரத்தம் உறிஞ்சுவதால் சோகை வருகிறது. வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே புகும் என்பதுதான் முக்கியம். கழிப்பறையும் செருப்பும் மருந்துக்கு முன்னாலேயே பாதி வேலையைச் செய்துவிடும். பள்ளிகளில் பிப்ரவரி 10 அன்று தரும் அல்பெண்டசோல் மாத்திரை இதற்கும் சேர்த்துத்தான்.

வெல்க்ரோவும் கொக்கிதானா?

ஆம். ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான நுண்கொக்கிகள், மறுபக்கம் வளையங்கள். 1941-இல் ஸ்விட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் உடம்பில் ஒட்டிய முட்காய்களை நுண்ணோக்கியில் பார்த்ததிலிருந்து தொடங்கியது. 1955-இல் காப்புரிமை கிடைத்தது. நம் ஊர் மருளூமத்தைக் காயை உருப்பெருக்கியில் பாருங்கள், அதே கொக்கிகள் தெரியும். ஒட்டாமல் போன வெல்க்ரோவைத் தூக்கி எறிவதற்கு முன், கொக்கிப் பக்கத்தில் சேர்ந்திருக்கும் நூலையும் முடியையும் பழைய பல் துலக்கியால் வாரி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் கோளாறு.

ஊஞ்சலுக்குக் கொக்கி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

ஃபேன் கொக்கியில் ஊஞ்சல் கட்டாதீர்கள். ஃபேனின் எடை அப்படியே தொங்கும். ஊஞ்சலோ ஆடும்போது உட்கார்ந்தவரின் எடையைவிடக் கூடுதலாக இழுக்கும், இழுக்கும் திசையும் மாறிக்கொண்டே இருக்கும். காங்கிரீட் போடும்போதே முதன்மைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிய கொக்கி நல்லது. திறந்த கொக்கியைவிட மூடிய வளையம் நல்லது. வாய் விரிய ஆரம்பித்த கொக்கியைச் சுத்தியலால் அடித்து மூடியோ வெல்டிங் வைத்தோ மறுபடி மாட்டாதீர்கள். கிரேன் ஓட்டுபவர்கள் அப்படி விரிந்த கொக்கியை உடனே கழித்துவிடுவார்கள்.